மெண்டெசி சரக்கு: ரியோ நெக்ரோவிலிருந்து கொளத்தூர் வந்த காட்டு மீன்களுக்கு என்ன ஆயிற்று

2024 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரத்தில், பிரேசிலின் மனாஸ் நகரத்திலிருந்து சென்னைக்கு இரண்டு தெர்மாகோல் பெட்டிகளில் அபிஸ்டோகிராமா (சுருக்கமாக அபிஸ்டோ) வகையைச் சேர்ந்த மெண்டெசி என்ற சிறு வண்ண மீன்கள் வந்து இறங்கின. ஒரு பெட்டியில் 20, இன்னொன்றில் 18. எல்லாமே ரியோ நெக்ரோ ஆற்றுப் பகுதியில் பிடித்தவை. பண்ணையில் பிறந்தது ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு பெட்டிகளையும் கட்டியது ஒரே ஏற்றுமதியாளர். இரண்டும் ஒரே விமானத்தில் வந்து, கொளத்தூரில் ஒரே கொட்டகையில் ஒரே இரவில் திறக்கப்பட்டன. விடிந்து பார்த்தபோது முதல் பெட்டி மீன்களில் ஒன்று செத்திருந்தது. இரண்டாவது பெட்டியில் 11.

காட்டு மீன் செத்தால் நம் ஊரில் மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவோம்: ஃபிளைட் லேட், மீன் வீக், சென்னை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தச் சரக்கில் மூன்றும் பொருந்தாது. பயணமும் மீனும் இரண்டு பெட்டிக்கும் ஒன்றுதான். வெயிலும் இல்லை, தை மாதக் குளிர் இரவு அது. மாறியது பையைத் திறந்த பிறகு செய்த வேலை மட்டும். அதே காரணம் சில வாரங்கள் கழித்து பெருங்குடியில் ஒரு வீட்டுத் தொட்டியில் மறுபடி வந்து நின்றது. அப்புறம் நங்கநல்லூரில் மீன்கள் குஞ்சு பொரித்தபோது வேறொரு சிக்கல் தெரிந்தது. அதற்குத்தான் வெயில் காரணம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சென்னைக்குக் காட்டு அபிஸ்டோ வரவழைக்கலாமா, எப்படி வரவழைக்கலாம் என்பது புரியும்.

இறக்குமதியாளர் கேட்டுக்கொண்டதால் பெட்டி திறந்த இரவிலிருந்து நான் கூடவே இருந்து அளவுகள் எடுத்தேன். மீன் வாங்கியவர்களும் தங்கள் குறிப்புகளைத் தந்தார்கள். யார் பெயரும் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

மீனும் ஆறும்

மெண்டெசியை 1994-இல் ரோமர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் புதிய இனமாக விவரித்தார். ரப்பர் மரக் காடுகளுக்காகப் போராடி 1988-இல் சுட்டுக் கொல்லப்பட்ட சீக்கோ மெண்டெஸின் நினைவாக வைத்த பெயர். ரியோ நெக்ரோ கரையிலுள்ள பார்செலோஸ் பகுதியின் ஓடைகளில், தண்ணீருக்கடியில் அழுகிக் கிடக்கும் இலைச் சருகுக்குள் வாழ்கிறது. ஆண் விரல் நீளத்துக்கு வளரும், பெண் அதைவிடச் சிறியது.

ரியோ நெக்ரோவின் தண்ணீர் பால் ஊற்றாத டீயின் நிறத்தில் இருக்கும். காட்டு இலைகளிலிருந்து இறங்கும் ஹியூமிக் அமிலங்கள்தான் அந்த நிறத்தைத் தருகின்றன. பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4-லிருந்து 5 வரை. உப்பு ஏறக்குறைய இல்லை; மின்கடத்து திறன் 10 மைக்ரோ சீமென்ஸ் அளவில்தான் இருக்கும். கொளத்தூர் கொட்டகையின் போர் தண்ணீரில் அன்று நான் எடுத்த அளவு 1,400. பிஎச் 8.

பார்செலோஸ் ஊரே வண்ண மீன் பிடித்துப் பிழைக்கும் ஊர். கார்டினல் டெட்ராதான் அங்கே பெரும்பங்கு. அபிஸ்டோக்கள் கொஞ்சம்தான் வெளியே வரும். 'ஒரு மீனை வாங்குங்கள், ஒரு மரத்தைக் காப்பாற்றுங்கள்' என்ற முழக்கத்தோடு பியாபா திட்டம் பல வருடங்களாக அங்கே வேலை செய்கிறது. மீனில் வருமானம் இருக்கும்வரை அந்த மக்கள் காட்டை வெட்டவோ தங்கச் சுரங்கத்துக்குப் போகவோ வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். நான் அதை நம்புகிறேன். காட்டு மீன் வாங்குவதே பாவம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து வந்த மீன் கொளத்தூரில் ஒரே இரவில் பாதிக்குப் பாதி சாவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

சரக்கை முதலில் 2023 டிசம்பர் தொடக்கத்துக்குத்தான் திட்டமிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அக்டோபரில் வறட்சி. 1902-லிருந்து அளவு எடுத்துவரும் மனாஸ் துறைமுகத்தில் ஆறு அதுவரை இல்லாத தாழ்வுக்குப் போனது. ஓடைகளில் படகு போக வழியில்லாத நிலை. இந்தப் பக்கம் டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் வெள்ளம். மீனம்பாக்கம் ஓடுபாதையே மூடப்பட்டது. நல்லவேளை, பெட்டி கிளம்பவில்லை.

மற்றபடி மாதத் தேர்வு சரியானதுதான். ரியோ நெக்ரோ வடிந்து, மீன்கள் சிறு ஓடைகளில் ஒதுங்கும் பருவமும் நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்து ஊர் குளிரும் பருவமும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகின்றன. அங்கே மீன் கிடைக்கும் நேரத்தில் இங்கே மழைத்தண்ணீர் டிரம்மில் நிறைந்திருக்கும், தொட்டியும் 25, 26 டிகிரியில் நிற்கும். சென்னைக்காரர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. சித்திரையில் காட்டு அபிஸ்டோவுக்கு ஆர்டர் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். உயிர் மீன் இறக்குமதிக்கு 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் கீழ் சானிட்டரி இம்போர்ட் பெர்மிட் வேண்டும். ஏற்றுமதி நாட்டின் நலச் சான்றிதழ் பெட்டியோடு வர வேண்டும். விலங்குத் தொற்றுத் தடுப்பு நிலையம் இருக்கும் விமான நிலையம் வழியாகத்தான் இறக்க முடியும். சென்னை அதில் ஒன்று. இறங்கிய மீன் நேராகக் கடைக்குப் போகாது, தனித்து வைத்துப் பார்க்கும் காலம் உண்டு. முன்பணம் கொடுக்கும்முன், நீங்கள் கேட்கும் இனம் பெர்மிட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'கலப்பு டெட்ரா' என்ற பெயரில் மறைந்து வரும் மீனை வாங்கினால், நாளை ஒரு நோய் வந்து விசாரணை வரும்போது இந்தப் பொழுதுபோக்கே தலைகுனிந்து நிற்கும்.

பையைத் திறந்த இரவு

தனித்து வைக்கும் அறையில் முதல் பெட்டிக்கான தொட்டிகளை ஒரு வாரம் முன்பே தயார் செய்திருந்தோம். கார்த்திகையில் மொட்டைமாடியிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததில் பிடித்தது. அதோடு பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர். தெருவில் உதிர்ந்த பாதாம் இலைகளைக் கழுவிக் காயவைத்துப் போட்டு, தண்ணீர் நிறம் மாறும்வரை விட்டோம். பிஎச் 5.5, மின்கடத்து திறன் 60. வேறு தொட்டியில் பல மாதம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டர்கள் உள்ளே. வெளிச்சம் கிடையாது.

ஏற்றுமதியாளரிடமிருந்து வந்த முதல் தகவலில் ஒரு பெட்டிதான் இருந்தது. இரண்டாவது பெட்டி கடைசி நேரத்தில் சேர்ந்தது. அதற்குத் தொட்டி தயாரில்லை. கொட்டகையின் வழக்கமான தொட்டிகளில்தான் விட வேண்டும், அவற்றில் போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் கலந்திருந்தது, பிஎச் 7.9. கொட்டகையில் நீண்ட நாள் வேலை செய்யும் தம்பி அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டார். எல்லோரும் கற்றுக்கொடுக்கும் முறையில்தான் செய்தார்: மீனைப் பைத் தண்ணீரோடு வாளியில் விட்டு, தொட்டித் தண்ணீரைக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கி, மூச்சுக்கு ஏர் ஸ்டோனும் போட்டார். அவர் கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பைக்கு ஒரு மீன். உள்ளே இரண்டு விரற்கடை தண்ணீர், மேலே ஆக்சிஜன், அடியில் ஒரு துண்டு இலை. முதல் பெட்டியில் நான் பார்த்த ஒரு பெண் மீன் அந்த இலைக்கு அடியில் உடலைச் சாய்த்துக் கிடந்தது. துடுப்புகள் மடங்கி உடலோடு ஒட்டியிருந்தன. பக்கவாட்டுக் கோடு தெரியாத அளவுக்கு நிறம் வெளுத்திருந்தது. செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டது. பையின் வாயை அவிழ்த்ததும் மூக்கில் ஏறும் நாற்றம்.

பைத் தண்ணீரின் பிஎச் 5.6. அம்மோனியா பரிசோதனையில் நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டியது. மழைத்தண்ணீரில் ஐந்து பங்காக்கி மறுபடி பார்த்தபோது 4 வந்தது; ஆக, பையில் லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம். மனாஸிலிருந்து சாவோ பாலோ, அங்கிருந்து வளைகுடா, அங்கிருந்து சென்னை, அப்புறம் விமான நிலையத்தில் காகித வேலை. அத்தனை மணி நேரம் மூடிய பைக்குள் மூச்சுவிட்டும் கழித்தும் வந்த மீன்.

முதல் பெட்டி மீன்களை நாங்கள் பைத் தண்ணீரில் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கவில்லை. மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தினோம். அவிழ்த்தவுடன் தண்ணீரை வடித்துக் கொட்டி, மீனை மட்டும் தொட்டியில் விட்டோம். பைக்கும் தொட்டிக்கும் பிஎச் வித்தியாசம் 0.1. அது மட்டும்தான் அன்று செய்த தந்திரம், அதற்கு ஒரு வாரத் தயாரிப்பு தேவைப்பட்டது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

வாளிகளில் நடந்தது வேறு. முதல் அரைமணி நேரம் மீன்கள் தெம்பாகவே தெரிந்தன. அப்புறம் ஒன்று வட்டமிட்டுச் சுழன்றது, இன்னொன்று மேலே பாய்ந்து விழுந்தது. "சார், மீன் ஆக்டிவ் ஆயிடுச்சு பாருங்க" என்றார் தம்பி. நான் போய் வாளித் தண்ணீரை எடுத்துப் பார்த்தபோது பிஎச் 7.6. உடனே மீன்களை எடுக்கச் சொன்னேன். மூன்று வாளிகளில் ஒன்றில் சொட்டுக் குழாய் அடைத்துப்போய் தண்ணீர் குறைவாகவே இறங்கியிருந்தது. பிழைத்த 7 மீன்களில் 5 அந்த வாளியிலிருந்தவை.

ஏன் செத்தன

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அது செவுளுக்குள் எளிதில் நுழையாது, பெரிதாகக் கொல்லாது. இன்னொன்று தனி அம்மோனியா, அதுதான் விஷம். நம் பரிசோதனைக் குப்பிகள் இரண்டையும் கூட்டித்தான் காட்டும். எது எவ்வளவு என்பதைப் பிஎச் தீர்மானிக்கிறது. 26 டிகிரியில் பிஎச் 6 என்றால் மொத்தத்தில் 0.06 சதவீதம்தான் விஷ வடிவம். பிஎச் 7 என்றால் 0.6. பிஎச் 8 என்றால் 6 சதவீதத்துக்குப் பக்கத்தில். ஒரு படி ஏறினால் பத்து மடங்கு.

பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரில் கரைந்து பிஎச்சைத் தாழ்த்தி வைத்திருக்கிறது. அந்தத் தாழ்ந்த பிஎச்தான் மூன்று நாள் மீனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தது. 20 மில்லிகிராமில் விஷம் 0.005 மட்டும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறத் தொடங்குகிறது. ஏர் ஸ்டோன் அதை விரட்டியே விடுகிறது. கூடவே பிஎச் 7.9 உள்ள தண்ணீர் சொட்டுகிறது. வாளியில் பாதிக்குப் பாதி கலந்தபோது மொத்த அம்மோனியா 10 ஆகக் குறைந்ததுதான், ஆனால் பிஎச் 7.6-இல் அதில் விஷம் 0.24. ஏறத்தாழ 50 மடங்கு. மொத்தம் பாதியானது, விஷம் ஐம்பது மடங்கானது. மீன் 'ஆக்டிவ்' ஆனது அதனால்தான். அம்மோனியா நரம்பைத் தாக்கும்போது மீன் அப்படித்தான் சுழலும்.

பிஎச்சும் உப்பும் திடீரென ஏறிய அதிர்ச்சியும் சேர்ந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குழாய் அடைத்த வாளி மீன்களும் கடைசியில் அதே 7.9 தொட்டிக்குத்தான் போயின. அங்கே அம்மோனியா இல்லை. அவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. பைத் தண்ணீரும் உயர்ந்த பிஎச்சும் சந்திக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் கொன்றது என்பதே என் முடிவு.

சொட்டு முறை தப்பு என்று பொதுவாகச் சொல்லவில்லை. கொளத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் எடுத்துப்போகும் மீனுக்கு அது நல்ல முறை. பையில் அம்மோனியா சேர நேரம் இருந்திருக்காது. நாள்கணக்கில் மூடிக் கிடந்த பைக்கு அது ஆகாது. அந்த மீனுக்கு ஏற்ற தண்ணீர் தொட்டியில் முன்பே காத்திருக்க வேண்டும்.

அதற்கு அடுத்து வந்த தனிமைக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு நாள் உணவு போடவில்லை. அப்புறம் அப்போதே பொரித்த ஆர்டீமியா, பிறகு மொய்னா; இரண்டும் மீனுக்கு உணவாகும் நுண்ணிய நீர் உயிர்கள். சாக்கடையோரம் அள்ளி விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை அறைக்குள்ளேயே விடவில்லை. வெள்ளையாக நூல்போல் கழித்த மீன்களுக்கும் குடல் புழு தெரிந்தவற்றுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. இரண்டாவது பெட்டியில் பிழைத்தவற்றில் இரண்டு தேறவில்லை. கழிவுத் தண்ணீர் முழுவதையும் பிளீச்சிங் பவுடர் போட்டு வைத்திருந்துதான் கொட்டினார்கள். சென்னை ஏரிகளில் டேங்க் கிளீனர் மீன் பெருகிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை வலியுறுத்த வேண்டியதில்லை. கடைசியில் 24 மீன்கள் நிமிர்ந்தன.

பெருங்குடி

ஆறு மீன்களை வாங்கியவர் பெருங்குடியில் மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர். பொறுப்பானவர். வீட்டு ஆர்ஓ தண்ணீர், பாதாம் இலை, மங்கலான விளக்கு, மணல், கொட்டாங்குச்சிகள். பிஎச் 5.4-இல் மீன்கள் நிறம் ஏறி, ஆண்கள் துடுப்பை விரித்துச் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டன. மொய்னாவைத் தினமும் தாராளமாகப் போட்டார். தண்ணீர் தெளிவாக இருந்தது, கரைந்த உப்பளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் குறைவாகவே காட்டியது, மீன் நன்றாக இருந்தது. அதனால் தண்ணீர் மாற்றும் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

மார்ச் மாதம் ஆர்ஓ மெஷின் ரிப்பேர். மெக்கானிக் வர நாளாகும் என்றார்கள். தொட்டியைச் சுத்தம் செய்து பல நாளாயிற்றே என்று, மோட்டார் தண்ணீரைப் பிடித்து வைத்து, குளோரின் போக மருந்தும் விட்டு, பாதித் தொட்டியை மாற்றினார். ராத்திரி எனக்கு போன் வந்தது.

"அண்ணா, வாட்டர் சேஞ்ச் பண்ணேன், அரைமணி நேரத்துல மூணு மீன் போயிடுச்சு. தண்ணி நல்லாதானே இருந்துச்சு?"

மாற்றுவதற்கு முன் எடுத்த பழைய தண்ணீர் ஒரு வாளியில் மிச்சம் இருந்தது. அதில் மொத்த அம்மோனியா 6. தொட்டியில் பிஎச் 7.6. மறுநாளுக்குள் நான்காவது மீனும் போய்விட்டது.

கொளத்தூர் வாளியில் நடந்ததேதான் இது. ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் பிஎச் 6-க்குக் கீழே மந்தமாகிவிடும். போடும் உணவு அம்மோனியமாகச் சேர்ந்துகொண்டே போகும். பிஎச் 5.4 இருக்கும்வரை விஷம் 0.001 அளவில்தான், மீனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. போர் தண்ணீரைக் கலந்த நிமிடத்தில் மொத்தம் 3 ஆகிறது, விஷம் 0.08 ஆகிறது. தொட்டியே ஒரு பெரிய பையாக மாறியிருந்தது, அதை அவர் அறியாமல் திறந்துவிட்டார்.

'தண்ணி மாத்தினா மீன் சாகும்' என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கேட்டுப் பலர் தண்ணீரே மாற்றுவதில்லை. அது ஆபத்தை இன்னும் பெரிதாக்குகிறது. அமிலத் தண்ணீரில் மீன் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது நேர்மாறானது: வாரம் இருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, அதே பிஎச் உள்ள தண்ணீரால் மாற்ற வேண்டும். அம்மோனியாப் பரிசோதனையை நிறுத்தவே கூடாது. டிடிஎஸ் மீட்டர் அம்மோனியாவைத் தனியே காட்டாது. ஆர்ஓ கெட்டுப்போனால் தெருமுனையில் 20 லிட்டர் கேன் தண்ணீர் கிடைக்கிறது. அதுவும் ஆர்ஓ தண்ணீர்தான். அளந்து பார்த்து, பாதாம் இலைச் சாற்றில் பிஎச் இறக்கி ஊற்றலாம். அந்த இலைச் சாற்றை வெறும் நிறத்துக்கு என்று நினைக்காதீர்கள். உப்பில்லாத அமிலத் தண்ணீரில் மீனின் உடலிலிருந்து சோடியம் கசிவதை ஹியூமிக் பொருட்கள் தடுக்கின்றன என்று ரியோ நெக்ரோ மீன்களில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நங்கநல்லூர்

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாங்கிய ஆறு மீன்களில் எதுவும் சாகவில்லை. மெட்ரோ தண்ணீர் ஒரு பங்கு, கேன் தண்ணீர் ஐந்து பங்கு. பிஎச் 6-ஐ ஒட்டி. எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவர் இல்லை. அவருடைய சிக்கல் பெண் மீன். மூன்று ஜோடி என்று சொல்லி வாங்கியதில் இரண்டு 'பெண்கள்' சில வாரங்களில் துடுப்பு நீண்டு ஆணாகிவிட்டன. இது மோசடி இல்லை. அடங்கிப்போன இளம் ஆண் பெண்ணைப்போலவே வேஷம் போட்டுத்தான் வாழும். பெட்டி கட்டுகிறவருக்கே தெரியாது. மொத்தச் சரக்கிலும் உண்மையான பெண்கள் குறைவு என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மே மாதம் அந்த ஒரே பெண், கொட்டாங்குச்சியின் உட்கூரையில் முட்டையிட்டது. உடல் முழுக்க மஞ்சள், அதன்மேல் கறுப்புத் திட்டு. தன்னைவிடப் பெரிய ஆண்களை மூலைக்கு விரட்டி நிறுத்தியது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய அன்று நான் பார்க்கப் போயிருந்தேன். ஊசிமுனையளவு குஞ்சுகள் இலைமேல் மேய்ந்துகொண்டிருந்தன. நான் கண்ணாடிப் பக்கம் குனிந்ததும் தாய் அடிவயிற்றுத் துடுப்பைப் படபடவென்று அடித்தது. அத்தனை குஞ்சும் அந்த நொடியே தரையோடு ஒட்டிக்கொண்டன. தாய் நகர்ந்து, வேறு மாதிரி உடலை அசைத்ததும் மறுபடி எழுந்து அதன் பின்னால் போயின. ஐயா பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவற்றில் 34 குஞ்சுகள் வளர்ந்தன. ஆவணி முடிவில் ஆண், பெண் எனப் பிரித்துப் பார்த்தபோது 32 ஆண், 2 பெண்.

அந்த மே மாதம் அவர் தொட்டியின் வெப்பம் 31 டிகிரி. பெட்டி வந்தபோது வெப்பத்தைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை, தை மாதக் குளிர் பார்த்துக்கொண்டது. கொளத்தூரிலும் பெருங்குடியிலும் வெப்பத்துக்குப் பங்கே இல்லை. இங்கேதான் அது வேலையைக் காட்டியது. ரோமரும் பைசன்ஹெர்ட்ஸும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் 37 அபிஸ்டோ இனங்களை 23, 26, 29 டிகிரிகளில் வளர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இனங்களில் சூடு ஏற ஏற ஆண்கள் கூடின, குளிரில் பெண்கள் கூடின. முட்டையிட்ட பிறகு வரும் முதல் சில வாரங்களின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அவர்கள் வைத்த மேல் அளவு 29. நம் வீட்டுத் தொட்டி வருடத்தில் பாதி நாள் அதற்கு மேலேதான் நிற்கிறது.

அதே ஜோடி டிசம்பரில் மறுபடி முட்டையிட்டது. இந்த முறை 25, 26 டிகிரி. வளர்ந்த 41-இல் 19 பெண். ஒரு ஜோடியின் இரண்டு ஈற்றை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் ஆய்வு சொன்ன திசையும் இதுவே என்பதால் நான் இதை நம்பி நடக்கிறேன்.

இது சென்னைக்கு ஏன் முக்கியம் என்றால், ஒரு காட்டுச் சரக்கை வரவழைத்ததற்கு நியாயம், அதே மீனுக்கு மறுபடி ஆற்றில் கைவைக்காமல் இங்கேயே தலைமுறை தொடர்வதில் இருக்கிறது. கோடையில் பொரித்த குஞ்சுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, ஆறு மாதம் கழித்து ஆண்களாகவே வைத்துக்கொண்டு அடுத்த இறக்குமதிக்குக் காத்திருக்கும் வீடுகள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. கோளாறு ஜோடியில் இல்லை. கோடையில் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்துவிட்டு, கார்த்திகை பிறந்ததும் சேர்த்தால் போதும். கோடையிலேயே வேண்டும் என்றால் ஏசி அறையோ சில்லரோ தேவை. தொட்டிமேல் வைக்கும் மின்விசிறி இரண்டு டிகிரி இறக்கும். கடற்கரை ஈரக்காற்றில் அதுகூடச் சில நாள் இறங்காது.

இப்போது என்ன நடக்கிறது

நங்கநல்லூரின் 19 பெண்களில் சிலவும், கொளத்தூரில் இறக்குமதியாளர் வைத்துக்கொண்ட காட்டு ஆண்களும், அந்தப் பெண்கள் வளர்ந்த பிறகு இடம் மாற்றிக்கொள்ளப்பட்டன. பெருங்குடி இளைஞரிடம் மிஞ்சிய இரண்டும் ஆண். அவருக்கும் இரண்டு பெண்கள் போயிருக்கின்றன. எந்தத் தொட்டியில் எந்த ஆற்றுப் பகுதி மீன், எந்த ஈற்று என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறோம், மற்ற ஊர் மெண்டெசியோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக.

இறக்குமதியாளர் தன் முறையை மாற்றிவிட்டார். தயாரான தொட்டிகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு மீன்கூட ஏற்றக் கூடாது என்று ஏற்றுமதியாளரிடம் எழுதிக் கேட்கிறார். கடைசி நேரப் பெட்டி வந்தால் காசு கிடையாது. பெட்டி திறக்கும் அறையில் ஏர் ஸ்டோன் வாளி இல்லை. அன்று சொட்டு வைத்த தம்பிதான் இப்போது பைத் தண்ணீரின் பிஎச் எடுத்து, தொட்டியோடு ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பில் இருக்கிறார். பிஎச் வித்தியாசம் 0.5-க்கு மேல் இருந்தால், பையை அவிழ்க்காமல் வைத்துவிட்டுத் தொட்டியைத்தான் சரிசெய்கிறார்.

ஆர்ஓ வசதி இல்லாதவர்களுக்கும், வீட்டில் குளிர்ந்த மூலை இல்லாதவர்களுக்கும் காட்டு அபிஸ்டோ விற்பதில்லை என்பதும் அவர் முடிவு. முதல் வகையினரைத் தண்ணீர் ஏற்பாடு செய்துகொண்டு வரச் சொல்கிறார். இரண்டாவது வகையினருக்கு ராம் சிக்லிட்டைக் காட்டுகிறார். வெனிசுவேலா, கொலம்பியா சமவெளிகளின் சூடான ஆழமற்ற தண்ணீரிலிருந்து வந்த இனம் அது. மென்மையான தண்ணீர் மட்டும் கொடுத்தால் 29 டிகிரியில் சுகமாக இருக்கும். சென்னைக்கு நானும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த சரக்குக்கு ஆர்டர் எடுக்கும் நோட்டில் வாங்குபவரின் பெயருக்கு எதிரே மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறார்: வீட்டுத் தொட்டியின் பிஎச், மின்கடத்து திறன், மே மாத மதிய வெப்பம். மூன்றையும் நிரப்பின பிறகுதான் முன்பணம் வாங்குகிறார்.